மில் பேச்சு

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தனக்குக் காது போய்விட்டது என்று மருமகள் நினைத்தாள்.

எதிரே மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வாயும் ஓயாமல் அசைந்தது. மாமியாரின் உதடுகள் குவிந்தன, விரிந்தன, பல்லில் கடிபட்டன. மாமனார் ஒற்றை விரலால் மூக்கைத் தொட்டார், தொண்டையைத் தொட்டார், உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பயந்துபோய் அவள் கரண்டியால் தட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது.

பக்கத்திலிருந்த கணவன் தலையைத் தூக்காமலேயே சொன்னான்.

"சண்டை போடுறாங்க. நீ சாப்பிடு."

"இதுவா சண்டை?"

"சத்தமா பேசினா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். சத்தமே வரலைன்னா நாமதான் ஒதுங்கிக்கணும். இந்த வீட்டுக் கணக்கு அப்படி."

அவள் பிறந்த வீட்டின் கணக்கு நேர் எதிர். அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை, பகல் முழுக்கத் தூக்கம். வாரத்துக்கு ஒருமுறை கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார்கள். அலமாரியில் பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்திருக்கும். அவளும் அவள் அக்காவும் தும்மலைக்கூட வெளியே விடாமல் விழுங்கப் பழகியவர்கள். யார் மாடிப்படி ஏறுகிறார்கள் என்பதைச் செருப்பு தேயும் விதத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அப்படி வளர்ந்தவளை, கூப்பிட்டால் ஜன்னல் அதிரும் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

மாமியாருக்குத் தெருவில் மைக்செட் அக்கா என்று பெயர். நேருக்கு நேர் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "வெறும் செட்டு இல்லப்பா, கரண்டும் நானே போட்டுக்குவேன்" என்று சிரிப்பார். ரகசியம் என்று சொல்லி மருமகளின் காதுப்பக்கம் குனிந்தாரானால், நாலாவது வீட்டுக்காரி மறுநாள் அதற்கு யோசனை சொல்வாள். மருமகளின் குரலும் ஆறே மாதத்தில் ஏறிவிட்டது. தொலைபேசியில் அவளுடைய அம்மா, "ஏண்டி கத்துற? அப்பா எழுந்துக்கப் போறாரு" என்றபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

முப்பத்தோரு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவர் மாமியார். நூல் சுற்றும் கூடம் நீளமானது. காற்றடித்தால் இழை அறுந்துவிடும் என்பதால் ஜன்னல்களை அடைத்தே வைத்திருப்பார்கள். உள்ளே இருபத்து நாலு மெஷின், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றும் இரும்புக் கதிர்கள் நானூறு சொச்சம், அத்தனையும் ஒரே நேரத்தில் சுழலும். அந்தச் சத்தத்தைப் பற்றி மருமகள் ஒருநாள் கேட்டாள்.

"எப்படி அத்தை தாங்கினீங்க?"

"மொத நாள் வெளிய வந்தப்போ தலைக்குள்ள யாரோ அரிசி கொட்டுற மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன். ஒரு மாசம் போச்சு. அப்புறம் சத்தத்தைக் காணோம்."

"காணோம்னா?"

"காணோம்மா. மெஷின் ஓடும், சத்தம் இருக்காது. கரண்டு போனாத்தான் வம்பு. திடீர்னு எல்லாம் நின்னுடும் பாரு, அத்தனை பேருக்கும் தலை சுத்தும். ஆளுக்கொரு தூணைப் பிடிச்சுக்குவோம். ஒருத்தி வாந்தியே எடுத்துட்டா."

மருமகள் அதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். நூறு பெண்கள், அமைதி தாங்காமல், தூண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தக் கூடத்தில் பிறந்ததுதான் மில் பேச்சு. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காத இடத்தில் தொண்டையை எதற்கு வீணாக்குவது? குரலை விட்டுவிட்டார்கள், உதட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் உதடு எல்லாவற்றையும் காட்டாது. பா என்றாலும் மா என்றாலும் அது ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அதனால் மூக்கில் பிறக்கும் எழுத்துக்கு மூக்கைத் தொட வேண்டும். உள்ளே மறைந்து பிறக்கும் க, ங போன்றவற்றுக்குத் தொண்டையைத் தொட வேண்டும். ஆள்காட்டி விரல் ஒன்று போதும். மற்றதை முகம் பார்த்துக்கொள்ளும். இப்படியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊர்வம்பு, பிள்ளைகளின் காய்ச்சல், மேஸ்திரியைப் பற்றிய கேலி, எல்லாமே மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவர் திரும்பினால் நூறு வாயும் மூடிக்கொள்ளும்.

மாமனார் அதே மில்லில் ஃபிட்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மெஷினில் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாராம். எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம்.

"உங்ககிட்ட மாமா மொதமொதல்ல என்ன பேசினாரு?" என்று கேட்டதற்கு மாமியார் வெட்கப்பட்டுக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"எட்டு மெஷின் தள்ளி நின்னுக்கிட்டு, 'உன் பன்னெண்டாவது கதிர் சூடாகுது'ன்னாரு. அதான் காதல் வசனம். போய்த் தொட்டுப் பாத்தேன், கை சுட்டுடுச்சு."

மில்லிலிருந்து இருவரும் ஓய்வு பெற்று வந்தபோது மாமியாரின் காதில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. பறவை கத்துவது, தொலைபேசி மணி, பால் பொங்கும் சத்தம், எதுவும் கேட்காது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி எதிர்சாரியில் இருப்பவர்களின் பேச்சைப் படித்துச் சொல்வார். "அந்தத் தம்பி ஆபீசுக்கு லீவு சொல்றான், வயித்து வலியாம். மூஞ்சியப் பாத்தா வலி மாதிரியா இருக்கு?" மருமகளுக்கு உடல் சிலிர்க்கும். இரைச்சல் ஒரு பெண்ணின் காதை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இப்படியொன்றைக் கொடுத்துவிட்டுப் போகுமா?

கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியும்போது மாமனாருக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் நெஞ்சில் இறங்கியது. கணவன் சரக்குக் கப்பலில் இருந்தான், கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம். மருமகள்தான் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு நுரையீரலும் அடைத்துவிட்டன என்று வாய்வழியாகக் குழாயை இறக்கி, மெஷினில் இணைத்து, மருந்தால் தூங்க வைத்தார்கள்.

முதல் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மாமியாரை விட்டார்கள். கட்டிலருகே போனதும், "என்னங்க, நான் பேசுறது கேக்குதா?" என்றார். அவர் அளவில் அது கிசுகிசுப்பு. மற்ற கட்டில்களில் இருந்தவர்கள் தூக்கிவாரிப்போட்டுக் கண் விழித்தார்கள். இதய நோயாளி ஒருவரின் மெஷின் வீறிட்டது. சிஸ்டர் ஓடிவந்து மாமியாரின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். அன்றிலிருந்து, "அந்தம்மா வேண்டாம், நீங்க மட்டும் வாங்க" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார்கள்.

மாமியார் கீழ்த்தளத்தில் குடிதண்ணீர்க் குழாயை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"தொண்டையக் கழட்டி வெச்சுட்டு வர முடியும்னா வந்திருப்பேன்" என்றார். "அதோட, இங்க யாருக்கும் வாயே இல்லம்மா. எல்லாரும் துணியால மூடிக்கிட்டு நிக்கிறாங்க. என்ன சொல்றாங்கன்னே எனக்கு விளங்கல."

அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. முகக்கவசம் போட்ட ஊரில் மாமியார் முழுச் செவிடு.

தினமும் மாலை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் மருமகள் மேல்தளத்துக் கூடத்தில் காத்திருப்பாள். கதவுக்கு அப்பாலிருந்து மணிகள் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று கூவும், ஒன்று விக்கும், ஒன்று டிங் என்று ஒற்றையாய் விழும். முதல் நாள் ஒவ்வொன்றுக்கும் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். உள்ளே போனபோது பக்கத்துக் கட்டிலின் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

"மணி அடிக்குதே சிஸ்டர்?"

"எது?" என்றார் சிஸ்டர். சமாளிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குக் கேட்கவில்லை. அவள் கைகாட்டியதும், "ஓ, இதுவா" என்று பார்க்காமலேயே ஒரு பொத்தானை அமுக்கினார். நல்ல சிஸ்டர். தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுப்பவர். ஒரு ஷிப்டில் எட்டுக் கட்டிலும் சேர்ந்து ஐந்நூறு தடவை அடிக்குமாம். விரலில் மாட்டிய கருவி நழுவினால் மணி, ஆள் இருமினால் மணி, புரண்டால் மணி.

பத்தாம் நாள் கூடத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், "என்னம்மா, உள்ள மணி அடிச்சுக்கிட்டே கிடக்கு?" என்று கேட்டார். "எங்க?" என்றாள் மருமகள். கேட்டுவிட்டுத் திகைத்துப்போனாள். மாடிப்படிச் செருப்பைக் கொண்டு ஆளைச் சொன்ன காது அது. பத்தே நாளில் அந்தக் கட்டடம் அதைப் பழக்கிவிட்டது.

பதினோராம் நாள் வாய்க்குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளையிட்டு வேறு குழாய் வைத்தார்கள். தூக்க மருந்தைக் குறைத்தார்கள். மாமனார் கண் விழித்தார். மருமகள் சந்தோஷமாக உள்ளே போனபோது அவருடைய இரண்டு மணிக்கட்டும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன.

"வேற வழியில்லம்மா" என்றார் சிஸ்டர். "முழிச்சதிலேர்ந்து கை தொண்டைக்கே போகுது. டியூபைப் பிடுங்கிட்டாருன்னா அவ்வளவுதான். புரட்டிப் படுக்க வைக்கும்போது ரொம்ப முரண்டு பண்றாரு. ஊசி போட்டாத்தான் அடங்குறாரு."

மாமனார் அவளைப் பார்த்து வாயசைத்தார். கழுத்துக் குழாய் வழியாகவே மூச்சு போய் வந்ததால் குரல் வரவில்லை. வெறும் உதடு. அவள் குனிந்து, "என்ன மாமா, தண்ணியா? வலிக்குதா?" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெறுத்துப்போனவர் மூடுவதுபோல இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் டாக்டர் அவளை அழைத்துப் பேசினார். சின்ன வயது, தூக்கமில்லாத கண்கள்.

"மெஷின்ல இருக்கிறவங்களுக்கு இப்படிப் புத்தி தடுமாறுறது உண்டும்மா. நாளைக்குக் காலைல மறுபடி தூங்க வெச்சிடலாம்னு இருக்கோம்."

"தூங்க வெச்சா சரியாயிடுமா டாக்டர்?"

"தூங்கத் தூங்க நெஞ்சுத் தசை வேலையை மறந்துடும். அப்புறம் மெஷினை விட்டு வெளிய வர்றது கஷ்டம். வராமலே போறவங்களும் உண்டு. மறைச்சுச் சொல்ல விரும்பல."

நாலு மணி ஆனது. கட்டிலருகே நின்றாள். கட்டுப்பட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு நிமிர்ந்தது. தொண்டையை நோக்கி ஓர் அங்குலம் எழுந்தது. கட்டு இழுக்க, விழுந்தது. மறுபடி எழுந்தது, இந்த முறை சற்று மேலே பார்த்து. விழுந்தது. தொண்டை, மூக்கு. அதன் பிறகு உதடு. பிறகு தொண்டை, மூக்கு. ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைத் தினமும் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். தனக்குச் சம்பந்தமில்லாத சண்டை என்று கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

படியிறங்கி ஓடினாள். சொல்லி முடிப்பதற்குள் மாமியார் எழுந்துவிட்டார்.

"எந்த விரல்?"

"ஆள்காட்டி விரல்."

"மடக்கியா, நீட்டியா?"

"நீட்டி."

"குழாயப் பிடுங்கப் போற மனுஷன் ஒத்த விரல நீட்டிக்கிட்டா பிடுங்குவான்?" என்றார் மாமியார். "பேசிட்டிருக்காரும்மா. மூணு நாளா பேசிட்டிருக்காரு. கைய வேற கட்டிப்புட்டாங்களா?"

மேலே போனார்கள். வாசலிலேயே சிஸ்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"உள்ள வேண்டாம் சிஸ்டர்" என்றாள் மருமகள். "அந்தக் கண்ணாடித் திரையை மட்டும் ஒதுக்குங்க, போதும்."

நடைபாதைப் பக்கம் சுவரில் பெரிய கண்ணாடி பதித்திருந்தார்கள். எப்போதும் திரை போட்டிருக்கும். மாமனாரின் கட்டில் அதிலிருந்து மூன்று கட்டில் தள்ளி இருந்தது. சிஸ்டர் அவளையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார்.

மாமியார் கூப்பிடவில்லை. இடுப்பளவில் கையைப் பக்கவாட்டில் ஒரு வீசு வீசினார். மில்லில் ஆளை அழைப்பது அப்படித்தான். கடைக்கண்ணில் பட்டால் போதும். தலையணையில் சாய்ந்திருந்த மாமனாரின் முகம் திரும்பியது.

அதன் பிறகு நடந்ததை மருமகள் இன்றுவரை யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. மாமியாரின் முகம் மாறியது. புருவம், கன்னம், தாடை, பல், எல்லாமே பேச எழுந்து வந்தன. அந்தத் தெருவே கேலி செய்த தொண்டை அமைதியாகக் கிடந்தது. முப்பதடி தூரம், நடுவில் கனத்த கண்ணாடி, உள்ளே மணிகள் கூவிக்கொண்டிருந்தன. அவர்கள் இருவருக்கும் நடுவில் எதுவுமே இல்லாததுபோல் பேச்சு போய் வந்தது.

"பாதிதான் பிடிபடுது" என்றார் மாமியார், கண்ணை எடுக்காமல். "கை இல்லாம பேச்சு நொண்டுது. வலது கைய மட்டும் அவுக்கச் சொல்லு."

சிஸ்டர் மறுத்துவிட்டார். "பிடுங்கிட்டாருன்னா என் வேலை போறது இருக்கட்டும்மா, அவரு உசிரு போயிடும்."

டாக்டரை அழைத்தார்கள். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மாவையும், உள்ளே அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த நோயாளியையும் கவனித்தார். மூன்று நாளாக எங்கும் நிலைக்காத கண் என்று அவரே எழுதி வைத்திருந்த கண், இமைக்காமல் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"அஞ்சு நிமிஷம்" என்றார் டாக்டர். "டியூபை நான் பிடிச்சுக்கிறேன்."

அவர் குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். மருமகள் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். சிஸ்டர் முடிச்சை அவிழ்த்தார். கை உடனே, நேராகத் தொண்டைக்குப் போனது.

சிஸ்டர் மூச்சை இழுத்தார். கை தொண்டைக்குப் பக்கத்தில், குழாய்க்கு இரண்டு விரற்கடை தள்ளி, பூவைத் தொடுவதுபோல் ஒருமுறை தொட்டது. மூக்குக்குப் போனது. இறங்கி விரிந்தது. கவிழ்ந்தது. மறுபடி தொட்டது. டாக்டர் பிடித்திருந்த குழாயை அது அண்டவே இல்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து மாமியார் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரலுக்கு அந்தக் கண்ணாடி எம்மாத்திரம்? வார்டு முழுவதும் கேட்டது. அன்று யாரும் அவரை அதட்டவில்லை.

"இடது பக்கம் திருப்பாதீங்கங்குறாரு. இடது பக்கம் திருப்பினா குழாய் அடைச்சுக்குது. மூச்சு பாதிகூடப் போகலையாம். அப்போ ஒரு மணி அடிக்குதாம். மத்த மணி மாதிரி இல்லையாம். மூணு அடிச்சு நிறுத்தி, ரெண்டு அடிக்குமாம்." நிறுத்திப் பார்த்துக்கொண்டார். "யாரோ வந்து அமுக்கிட்டுப் போயிடறாங்களாம். முரண்டு பிடிச்சா ஊசி போடுறாங்களாம். மறுபடி நிமிர்த்துற வரைக்கும் எண்ணிக்கிட்டே கிடப்பாராம். நேத்து ஏழாயிரம் வரைக்கும் எண்ணினாராம்."

மணியெல்லாம் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தன.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டி வைப்பது வழக்கம். டாக்டர் தலையாட்ட, சிஸ்டரும் அவருமாக மாமனாரை மெல்ல இடது பக்கம் சாய்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடித்தது. மூன்று. ஓர் இடைவெளி. இரண்டு.

மருமகள் அந்த மணியைக் கேட்டாள். கேட்டதும் தெரிந்துகொண்டாள், இது புதிதல்ல. கூடத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் சிஸ்டர், இருவர் காதிலும் அது விழுந்து, தங்காமல் போயிருக்கிறது. உயிர் போகிறது என்று அந்த மணி சொன்னதைக் கேட்டவர், அதற்குக் கீழே கட்டுண்டு கிடந்த ஒரே மனிதர். இரைச்சலில் ஒரு பேரிங்கைப் பிரித்தெடுத்துக் கேட்ட அதே காது.

"நிமிர்த்துங்க" என்றார் டாக்டர்.

சிஸ்டரின் கை இன்னும் அந்தப் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அமுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான்தாம்மா அமுக்கினேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மெல்லிய கம்பிக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். சாயும்போது குழாயின் முனை மூச்சுக்குழலின் சுவரில் போய் முட்டிக்கொள்கிறது என்று தெரிந்தது. அன்று இரவுக்குள் வேறு நீளத்தில் குழாய் மாற்றினார்கள். மறுநாள் காலைத் தூக்க மருந்து வேண்டாம் என்று டாக்டர் தன் கையாலேயே அடித்து எழுதினார். இடது கைக்கட்டையும் அவிழ்த்தார்கள்.

அதற்குப் பிறகு மாலை நாலு மணிக்குக் கண்ணாடித் திரை தானாகவே ஒதுங்கியது. மாமியார் வெளியே, மாமனார் உள்ளே. சில நாள் வார்டில் துடைக்க வந்த பெண்கள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சிஸ்டர் இரண்டு சைகைகள் கற்றுக்கொண்டார்: 'புரட்டட்டுமா?', 'போதுமா?' மணி அடித்தால் நின்று, எத்தனை என்று எண்ணினார். "ஐந்நூறையும் எண்ண முடியாதும்மா. ஆனா மூணும் ரெண்டும் இப்ப தூக்கத்துலகூடக் கேக்குது" என்றார்.

இன்னொரு கட்டிலில் குரலில்லாமல் கிடந்த ஒருவரையும் படித்துச் சொல்லும்படி கேட்டார்கள். மாமியார் வெகுநேரம் பார்த்தார். "இவரு மில் ஆளு இல்ல, வாயைத் திறக்கவே மாட்டேங்குறாரு" என்று வருத்தப்பட்டார். அப்படியும் விடவில்லை. மூன்று நாள் நின்று, அவருக்கு வேண்டியது போர்வை என்று கண்டுபிடித்தார்.

மாமனாரை முதலில் அரை மணி நேரம் மெஷினிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு மணி. பிறகு ஒரு பகல். நெஞ்சு மறந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டது. இருபத்தாறாம் நாள் மெஷினை ஓரமாக உருட்டிக்கொண்டுபோனார்கள். அன்று மாமியாரைக் கட்டிலருகிலேயே விட்டார்கள்.

டாக்டர் கழுத்துக் குழாயின் வாயில் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தினார். இனி மூச்சு மேலே குரல்வளை வழியாகப் போகும், குரல் வரலாம், வராமலும் போகலாம் என்றார். சிஸ்டர் அருகில் வந்து நின்றார். அடுத்த கட்டில்காரர்களும் கழுத்தைத் திருப்பினார்கள்.

"பேசிப் பாருங்க" என்றார் டாக்டர்.

மாமனார் தொண்டையைச் செருமினார். வாய் திறந்தது. தகரத்தில் மண் உரசுவதுபோல ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து சொற்கள்.

"வீட்ல தண்ணி மோட்டாரு கரகரன்னுச்சே, ஆளைக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

இருபத்தாறு நாள். சிஸ்டர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் சிரித்தார்.

மாமியார் எதுவும் நடக்காததுபோல வாயசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், விரல் மூக்குக்கும் தொண்டைக்கும் போய்வர, மோட்டார் பார்க்கிற ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவானாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மருமகள் அவர் தோளைத் தொட்டாள்.

"அத்தை, மாமாவுக்குக் குரல் வந்துடுச்சு."

"எப்போ?"

"இப்பதான் அத்தை. மோட்டாரைப் பத்திக் கேட்டாரே, அது குரல்தான். நாங்க எல்லாரும் கேட்டோம்."

மாமியார் அவளைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றார். "எனக்கு நேத்து பேசின மாதிரியேதான் இருந்துச்சு."

குரல் வந்ததும் வராததும் அவரளவில் ஒன்றாகவே இருந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் அவர் எதையும் இழந்து நிற்கவில்லை.

மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கொஞ்சம் நன்றாகக் கேட்கும் வலது காதைக் கணவரின் வாயருகே கொண்டுபோனார். பார்வையில் உதடு பட்டால் காது சோம்பிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

மாமனார் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, மோட்டாரைப் பற்றி முதலிலிருந்து சொன்னார்.